நொட்டைக்காரரின் கண் பரிசோதனை

குறை சொல்லிக் கெட்ட பெயர் வாங்குகிறவர்கள் உலகத்தில் நிறையப் பேர். அவர் குறை சொல்லிச் சம்பளம் வாங்கினார். டைல்ஸ் கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை அவருக்கு. சூளையிலிருந்து வெந்து வரும் கற்கள் பெல்ட்டில் ஊர்ந்து அவர் முன்னால் போகும். கடுகளவு புள்ளியோ மயிரிழை விரிசலோ கண்ணில் பட்டால் போதும், சிவப்புப் பென்சிலால் குறுக்கே ஒரு கோடு போட்டு ஓரம் தள்ளிவிடுவார். நேரில் சார் என்றவர்கள் முதுகுக்குப் பின்னால் 'நொட்டை' என்றார்கள். அவருக்கும் அது தெரியும். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

வேலை முடிந்ததும் கண்ணைக் கழற்றிக் கம்பெனியிலேயே வைத்துவிட்டு வர முடியாதே. மடித்த துணியில், சாத்திய கதவில், துடைத்த மேஜையில் என்று வீட்டிலும் தினம் ஒரு நொட்டை. மனைவி பல் மருத்துவரிடம் உதவியாளர். நாள் முழுக்கத் திறந்த வாய்களையே பார்த்துவிட்டு வருவதால், வீட்டில் திறக்கிற வாயை அவள் கண்டுகொள்வதில்லை.

சூளை பழுதாகி, கம்பெனியைச் சில வாரம் மூடினார்கள். "நீங்கதான் வீட்ல சும்மா இருக்கீங்களே, பாப்பாவப் பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு மனைவி பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். பாப்பாவுக்கு நாலு வயது. தான் செய்யப்போகும் தியாகத்தைப் பற்றி அவர் எதிர்வீட்டுக்காரரிடம் விலாவாரியாகச் சொன்னார். எதிர்வீட்டுக்காரருக்கு மூன்று பிள்ளைகள். அவர் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

நொட்டைக்காரர் வீட்டுச் சமையலறைத் தரை முழுக்கக் கம்பெனியில் கழித்துக்கட்டிய கற்கள்தான். விருந்தாளிகள் கண்ணில் படக் கூடாது என்று நடுவில் ஒரு பாய் விரித்து வைத்திருந்தார். பாப்பா முதல் நாள் காலையிலேயே பாயைச் சுருட்டி எறிந்துவிட்டு, தரையில் இருந்தவர்களை எல்லாம் அப்பாவுக்கு அறிமுகம் செய்துவைத்தாள். இது தூங்குற யானை, இது தலை துவட்டுற அத்தை, இது பொய் சொன்ன நரி.

"யானை இல்லம்மா, சாயம் ஓடியிருக்கு" என்று அவர் தொழில்முறையில் திருத்தினார்.

பாப்பா அவரைப் பரிதாபமாகப் பார்த்தாள். "நீ சரியாவே பாக்கலப்பா. கீழ படுத்துக்கோ."

பார்ப்பதையே பிழைப்பாக வைத்திருக்கும் மனிதரிடம் சொல்லக்கூடிய பேச்சா இது? ரோஷத்தோடு படுத்தார். யானை இருந்தது. தும்பிக்கையைச் சுருட்டி வைத்துக்கொண்டு, நிஜமாகவே தூங்கிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு காலை நேரமெல்லாம் தரையிலேயே கழிந்தது. அவர் தானாக ஒரு ஆமையைக் கண்டுபிடித்த அன்று, "சூப்பர்ப்பா, நீயே கத்துக்கிட்ட" என்று பாப்பா முதுகில் தட்டிக்கொடுத்தாள். இத்தனை வருட வேலையில் அவரை யாரும் தட்டிக்கொடுத்ததில்லை. அடுத்தவன் வேலையைத் தள்ளுகிறவனை யார் தட்டிக்கொடுப்பார்கள்? அன்று மதியம், பாப்பா தூங்கிய பிறகும், அவர் தனியாகப் படுத்து இன்னொரு ஆமையைத் தேடினார். மகிழ்ச்சி என்பது முழங்கால் வலியோடு வரும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. மனைவிக்கு விடுமுறை வந்தால், எப்போது வேலைக்குப் போவாள் என்றிருந்தது. வெளியே மட்டும் தியாகக் கதையை நிறுத்தவில்லை.

கம்பெனி திறந்தது. பெல்ட் ஓடியது. முதல் நாளே ஒரு கல் வந்தது. சாயம் பரவி, கழுத்தை நீட்டிக்கொண்டு அச்சு அசலாக ஒரு வாத்து. பென்சில் வரைக்கும் போன கை அப்படியே நின்றது. தனக்குத்தானே சிரித்துக்கொண்டார். வாத்து போய்விட்டது. அதன் பின்னால் ஒரு பூனை போனது. அந்த வாரம் பெட்டி பெட்டியாக ஒரு மிருகக்காட்சி சாலையே வெளியூருக்குப் போனது.

போன வேகத்தில் திரும்பியும் வந்தது. பெரிய ஓட்டல் ஒன்றின் வரவேற்பறைக்கு வாங்கினார்களாம். அவர்கள் யாருக்கும் படுத்துப் பார்க்க நேரமில்லை. மேனேஜர் வாத்தை மேஜைமேல் வைத்துவிட்டு அவரை உட்காரச் சொன்னார். கெட்ட மனிதர் இல்லை. தெரிந்தே விட்டிருந்தால் வீட்டுக்குத்தான் அனுப்ப வேண்டும், வேறு வழியில்லை என்றார். கண் பார்வை குறைந்துவிட்டது என்றால் பேக்கிங்குக்கு மாற்றிவிடலாம், டாக்டர் சர்ட்டிபிகேட் ஒன்று போதும்.

"கண்ணு மங்கிடுச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. இந்த வயசுல யாருக்கும் வர்றதுதானே."

வாழ்நாளெல்லாம் ஒரு குறையையும் வெளியே விடாத மனிதர், தனக்கென்று ஒரு குறையை எழுதி வாங்கச் சம்மதித்தார். இந்த வயதில் இன்னொரு வேலை எங்கே கிடைக்கும்?

கண் மருத்துவமனைக்குக் கம்பெனி எழுத்தர் கூடவே வந்து, சர்ட்டிபிகேட்டுக்காக வெளியே காத்திருந்தார். மனைவிக்கு வேலை இருந்ததால் பாப்பாவும் வந்திருந்தாள். உள்ளே டாக்டரம்மா அவருடைய ஒரு கண்ணை மறைத்து, எதிரே பலகையில் இருந்த எழுத்துகளைப் படிக்கச் சொன்னார். மேல் வரியைப் பெருந்தன்மையோடு படித்தார். இரண்டாம் வரியிலிருந்து திணற ஆரம்பித்தார். வீட்டில் ஒத்திகை பார்த்த திணறல் அது. குறை சொல்ல முடியாது.

டாக்டரம்மா எழுத்தை மாற்றிப் படங்களை வைத்தார். மீனைக் காட்டினார். தெரியவில்லை என்றார். குடையும் தெரியவில்லை.

"மீனுப்பா" என்று காதோடு ஒரு குரல் வந்தது. சொல்லிக்கொடுக்கக் கூடாது என்றார் டாக்டரம்மா. பாப்பா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அடுத்து வந்த கோப்பையும் அப்பாவுக்குத் தெரியவில்லை என்றதும் அவள் முகம் மாறியது. இன்னும் கிட்டே வந்து அவர் விரலைப் பிடித்துக்கொண்டாள்.

"பயப்படாதப்பா. மெதுவா சொல்லு. நான் இருக்கேன்ல."

அவர் பலகையைப் பார்த்தபடியே, சாவியும் தெரியவில்லை என்றார்.

பாப்பாவின் உதடு பிதுங்கியது. "அப்பா, நானாவது உனக்குத் தெரியறனா?"

பக்கத்தில் இருப்பது தெரியும், தூரத்தில் இருப்பதுதான் தெரியாது என்று ஒரு பதில் அவர் கைவசம் இருந்தது. அதைச் சொல்ல வாயையும் திறந்தார். வரவில்லை.

மீன், குடை, கோப்பை, சாவி என்று மேலிருந்து ஆரம்பித்தார். மடமடவென்று கடைசி வரி வரைக்கும் இறங்கி, அதற்கும் கீழே பொடி எழுத்தில் இருந்த அச்சகத்தின் முகவரியையும் கதவு எண்ணோடு படித்தார். அதை நானே கண்ணாடி போட்டுத்தான் படிப்பேன் என்று சொல்லி டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார்.

பாப்பா அதற்குள் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே ஓடியிருந்தாள். காத்திருந்தவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி கம்பெனி எழுத்தரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். "அங்கிள், எங்கப்பாவுக்கு எல்லாமே நல்லாத் தெரியுது."

எழுத்தர் எழுந்து அவரைப் பார்த்தார். சின்னப் பிள்ளை ஏதோ உளறுகிறது என்று ஒரு வார்த்தை வருமா என்று அந்த நல்ல மனிதர் கொஞ்ச நேரம் காத்துக்கொண்டுகூட நின்றார்.

"பாப்பா சொல்றது சரிதான்" என்றார் நொட்டை, அவளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டே. "எல்லாம் தெரிஞ்சுதான் விட்டேன்னு மேனேஜர்கிட்ட சொல்லிடுங்க."