பார்சல் விளையாட்டு

கைப்பேசி பீரோவின் உச்சிக்குப் போய்ச் சேர்ந்து ஒரு மாதம் ஆகிறது. ஏற்றிவைத்தவள் மனைவி. மகள் வாலுவுக்கு மூன்றரை வயது முடிந்தும் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் வரவில்லை. நாள் முழுக்கப் பொம்மைப் படம் பார்த்தால் எப்படி வரும் என்று டாக்டரம்மா கேட்டுவிட்டார். "வீட்ல இருக்கறத வச்சு விளையாடுங்க. பேசிக்கிட்டே விளையாடுங்க."

சொல்வது சுலபம். மனைவி காலையிலேயே தையல் கம்பெனிக்குக் கிளம்பிவிடுவாள். இரவெல்லாம் கிடங்கில் பெட்டி கட்டிவிட்டு வருகிற அவன்தான் பகலில் மகளோடு விளையாட வேண்டும்.

விளையாடினான். மாவைப் பிசைந்து பாம்பு உருட்டினான். சட்டைப் பொத்தான்களை நிறம் பார்த்துப் பிரிக்கச் சொன்னான். போர்வைக்குள் டார்ச் அடித்து விரலில் நாய் காட்டினான். எல்லாவற்றிலும் ஒரே தொல்லை. அவன் கண் அசந்தால் அவள் இமையைப் பிடித்துத் திறந்து உள்ளே எட்டிப் பார்ப்பாள்.

பார்சல் விளையாட்டு அப்படிப் பிறந்ததுதான். கிடங்கு அட்டைப்பெட்டிக்குள் அவளை உட்காரவைத்து, மேல்மடிப்பை மூடி, வாசலுக்கு வெளியே நடையில் வைப்பான். உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொள்வான். கொஞ்ச நேரம் கழித்துத் திறந்து, "அட, நமக்கா பார்சல்? யாரு அனுப்புனது?" என்று மடிப்பைப் பிரிப்பான். அவள் கெக்கலித்துக்கொண்டு எழுவாள். மூச்சுக்கு இரண்டு ஓட்டை போட்டிருந்தான். விதி ஒன்றே ஒன்று: பார்சல் பேசாது. பேசவைக்க வேண்டிய பிள்ளைக்கு அவன் போட்ட விதி அது. அந்தக் கொஞ்ச நேர அமைதிக்காக அவன் எதையும் போடுவான்.

மனைவிக்குத் தெரிந்ததும் முகம் கடுத்தது.

"புள்ளைய வெளிய வச்சுட்டு உள்ள என்ன பண்றீங்க?"

"கதவுக்கு இந்தப் பக்கந்தான நிக்கறேன்."

"நிக்கறீங்களா, சாயறீங்களா?"

"ஆமா, பாய் விரிச்சுப் படுத்துக்கறேன். போடி, பஸ்ஸு போயிரும்."

அன்று கிடங்கில் ஆள் குறைவு. இரண்டு பேர் வேலையை ஒருவனாகப் பார்த்துவிட்டு வந்திருந்தான். வாலு தானே பெட்டிக்குள் இறங்கி முழங்காலைக் கட்டிக்கொண்டாள். மடிப்பை மூடினான். இரவு முழுக்கச் செய்ததையே கை செய்தது. பையில் கிடந்த கிடங்கு டேப்பை இழுத்து நடுவில் ஒன்று, ஓரங்களில் ஒவ்வொன்று, உள்ளங்கையால் அழுத்தி ஒரு தேய்ப்பு. விளையாட்டில் டேப் கிடையாது என்பது மண்டைக்கு உறைக்கவில்லை. பெட்டியை நடையில் வைத்தான். பழைய பேப்பர்காரருக்காக அடுக்கிய காலிப்பெட்டிகள் பக்கத்திலேயே இருந்தன. உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தான்.

தொம்.

கனவில் கிடங்கு ஓடிக்கொண்டிருந்தது. இயந்திரம் அட்டையை அமுக்கியது. தொம். வருஷக்கணக்காகக் கேட்டுப் பழகிய சத்தம், தூக்கத்தைக் கலைக்காது. தொம். பிறகு யாரோ இருமினார்கள்.

இயந்திரம் இருமாது.

கண் திறந்தது. பழைய பேப்பர்காரர் பெட்டிகளை அப்படியே தூக்கிக்கொண்டு போகிற ஆள் இல்லை. வண்டியில் இடம் பத்தாது என்று ஒவ்வொன்றாகக் கவிழ்த்து, மேலே ஏறிக் குதித்துத் தட்டையாக்கித்தான் எடுப்பார். கனத்த சரீரம்.

தாழ்ப்பாள் எந்தப் பக்கம் என்றே மறந்துபோனது. "வாலு! ஏய், வாலு!" என்று கத்தினான். பதில் இல்லை. வராது. அவன் பழக்கிய வாய் அது.

கதவு திறந்தபோது பேப்பர்காரர் சுவரில் ஒரு கையை ஊன்றி, கடைசிப் பெட்டியின் மேல் ஒரு காலை வைத்திருந்தார். அட்டை நடுவில் குழிந்திருந்தது. அவன் அவரை இடித்துத் தள்ளினான்.

"யோவ்! கிறுக்கா உனக்கு?"

"அண்ணே... உள்ள புள்ள..."

நகத்தால் டேப்பைக் கிழித்தான். வரவில்லை. அவ்வளவு சுத்தமாக ஒட்டியிருந்தான். பல்லால் கடித்து இழுத்ததில் உதடு கிழிந்தது.

வாலு ஓட்டையில் கண்ணை வைத்தபடி குனிந்து உட்கார்ந்திருந்தாள். தலைமுடி கலைந்திருந்தது. வேறு எதுவும் ஆகவில்லை. அவள் அழவும் இல்லை.

பேப்பர்காரர் எட்டிப் பார்த்தார்.

"கவுக்கப் பாத்தேன், கனத்துச்சுய்யா. உள்ளயும் அட்டை திணிச்சிருக்கும்னு நெனச்சேன். அப்படியே ஏறி மிதிப்போம்னு..." மிதித்த அட்டைகளை அங்கேயே போட்டுவிட்டு, வண்டியை மட்டும் தள்ளிக்கொண்டு போனார்.

சாயங்காலம் அவன் குழாயடியில் உதட்டைக் கழுவிக்கொண்டிருந்தான். மனைவியிடம் எப்படிச் சொல்வது, எங்கே தொடங்குவது? அறைக்குள் டேப் கிழிபடும் சத்தம் கேட்டது.

ஓடினான். வாலு ஒரு செருப்புப் பெட்டிக்குள் பொம்மையைப் படுக்கவைத்து, மூடி, குறுக்கும் நெடுக்குமாக ஒட்டியிருந்தாள். பெட்டியைச் சுவரோரம் தள்ளினாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு மேலே ஏறினாள். ஒரு கையைச் சுவரில் ஊன்றிக்கொண்டாள்.

"அப்பா, இது பேசவே மாட்டேங்குது. நான் குதிக்கட்டா?"

முதல்முறையாகச் சேர்ந்தாற்போல் வந்த வார்த்தைகள். அவன் வாயைத் திறப்பதற்குள் குதித்துவிட்டாள்.