மேல் மடுவில் ஒரு குரல்

திருவொற்றியூரில் கும்மிடிப்பூண்டி ரயில் ஏறும்போதே பவானிக்குத் திரும்பிப் போய்விடலாமா என்றிருந்தது. ரயிலை விட்டு இறங்கி, வேன் பிடித்து, ஆந்திர எல்லையைத் தாண்டினால் மலை. காலையில் போய்க் குளித்து, சாப்பிட்டு, சாயங்காலம் வீடு திரும்பிவிடலாம். போன வருஷமும் குடும்பமாக இதே வழியில்தான் போனார்கள். போகும்போது பாட்டும் கூத்துமாக இருந்த தம்பி பகலவன், திரும்பும்போது ஆம்புலன்ஸில் வந்தான்.

இந்த வருஷம் வேண்டாம் என்று பவானி எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். பகலவனின் மனைவி அமுலு ஒற்றைக் காலில் நின்றாள். "வருஷம் திரும்புது அண்ணி. அவுரு போன எடத்துல ஒரு வெளக்கு வெக்கணும். நீ வரலன்னா நானும் பாப்பாவும் மட்டும் போறோம்."

அப்புறம் எப்படி வராமல் இருப்பது?

கடலிலேயே புரண்டு வளர்ந்த ஜனம் மலை ஏறுகிற அழகைப் பார்க்க வேண்டுமே! நடுக்கடலில் வலை இழுக்கிற தேசப்பன், பவானியின் வீட்டுக்காரன், முதல் மேட்டிலேயே நாக்குத் தள்ளி உட்கார்ந்துவிட்டான்.

"யோவ், பொடுசுங்கல்லாம் ஏறுது. நீ இன்னா குந்திகினு கீற?" என்றாள் பவானி.

"எறங்கறதுக்குத் தெம்பு வேணாமா?" என்றான் அவன்.

மலை ஓடையின் முதல் மடு முழங்கால் ஆழம்தான். பாய் விரித்து, புளிசோற்று டப்பாவைத் திறந்து, ஏழெட்டுக் குடும்பங்கள் கூச்சலும் கும்மாளமுமாக இருந்தன. குழந்தைகளைத் தேசப்பனிடம் விட்டுவிட்டு இரண்டு பெண்களும் மேலே நடந்தார்கள். பத்தடி போவதற்குள் பவானியின் முதுகுக்குப் பின்னால் அது கேட்டது.

"யக்கா."

ஒரே தடவை. பகலவனின் குரல். பவானி திரும்பவில்லை. ஒரு வருஷமாகவே கேட்கிறது. மீன் கழுவும்போது, குழாயடியில், மழை பெய்யும்போது. பயம்கூட இப்போது பழகிவிட்டது. வெட்கம்தான் பழகவில்லை.

அவர்கள் குப்பத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு. தண்ணீர் பக்கத்திலிருந்து யாராவது ஒரு தடவை கூப்பிட்டால் திரும்பக் கூடாது, பதில் கொடுக்கக் கூடாது. மனுஷன் என்றால் மூன்று தடவை கூப்பிடுவான். ஒன்றோடு நிறுத்துவது மனுஷன் இல்லை, அது ஆளைக் கூட்டிக்கொண்டு போக வந்தது. கரையில் டீ வாங்கக் கூப்பிட்டாலும் மூன்று தடவை கூப்பிடுகிற ஊர் அது.

போன வருஷம் மேல் மடுவுக்கு மேலே பாறையில் பவானி சோற்று டப்பாவைத் திறந்துகொண்டிருந்தாள். சற்றுத் தள்ளி அமுலு மகளுக்கு ஈரத்துணி மாற்றிக்கொண்டிருந்தாள். பகலவன் தண்ணீரில் இருந்தான். கடலில் மீன் மாதிரி நீந்துகிறவனுக்கு இந்தக் குட்டை என்ன பெரிய விஷயம் என்று யாருக்கும் கவலை இல்லை. உப்புத் தண்ணீர் ஆளை மேலே தூக்கிக் கொடுக்கும், மலைத் தண்ணீர் கொடுக்காது என்பது அப்போது தெரியாது. "யக்கா" என்று ஒரு குரல் வந்தது. பவானிக்கு மயிர்க்கூச்செறிந்தது. அடுத்த இரண்டுக்காகக் காத்திருந்தாள். வரவில்லை. அவனுக்கு ஒரு கூப்பாட்டுக்குத்தான் மூச்சு இருந்தது.

இதை அவள் எவரிடமும் சொல்லவில்லை. கரைக்குத் தூக்கி வந்த அன்றே அமுலு ஒவ்வொருவராகப் பிடித்து உலுக்கினாள்: "அவுரு கூப்ட்டாரா? உனுக்குக் கேட்டுச்சா?" எல்லாரும் இல்லை என்றார்கள். பவானியும் இல்லை என்றாள். அதற்கு முதல் நாள் புருஷன் பெண்டாட்டிக்குள் பெரிய சண்டை. எங்கேயாவது போய் ஒழி என்று அமுலு கத்தியது தெருவுக்கே தெரியும். யாரையும் கூப்பிடாமல் போனான் என்றால் வேண்டுமென்றே போனான் என்றுதானே அர்த்தம்? தெரு அப்படித்தான் பேசியது. அந்தப் பழியை அமுலு சுமக்கிறாள், தன் வாய் திறந்தால் இறங்கிவிடும் என்று தெரிந்தே பவானி ஒரு வருஷத்தை ஓட்டிவிட்டாள். சீ, என்ன பிழைப்பு!

மேல் மடுவைச் சுற்றி இப்போது கயிறு கட்டியிருந்தார்கள். அமுலு பாறை இடுக்கில் விளக்கை ஏற்றினாள். பிறகு நிமிர்ந்தாள்.

"அண்ணி, கடைசியா ஒரு தபா கேக்கறேன். அவுரு கூப்ட்டாரா?"

பவானி உடைந்துவிட்டாள். "கூப்ட்டான்டி. யக்கான்னான். ஒரே தபா. நான்தான் திரும்பல. அவன் வேணும்னு போவல அமுலு, நீ சொன்ன சொல்லால போவல. பாவம் என்னுதுதான்."

அடிப்பாள், மண் வாரித் தூற்றுவாள் என்று நின்றாள். அமுலு மெதுவாகப் பாறைமேல் உட்கார்ந்தாள்.

"எனுக்கும் கேட்டுச்சு அண்ணி."

"இன்னாடி சொல்ற?"

"யக்கான்னு. ஒடனே உன்னத்தான் பாத்தேன். கூடப் பொறந்தவ, நீயே திரும்பல. சரி, இது அவுரு இல்லன்னு நானும் திரும்பல." அமுலு விளக்கைக் காற்றுக்கு மறைத்துக்கொண்டாள். "அத்தினி பேரையும் கேட்டேன். யாருக்கும் கேக்கலன்னாங்க. என் ஒருத்தி காதுக்கு மட்டும் கேட்டுச்சுன்னா அது அவுரு கொரலே இல்ல, என்னக் கூட்டிகினு போக வந்ததுன்னு இருந்தேன். அத்த நம்பித்தான் அண்ணி தூங்கினு இருந்தேன்."

பவானி அவளைத் தொடக் கை நீட்டினாள், நீட்டிய கை பாதியில் நின்றது.

தண்ணீர் பக்கத்திலிருந்து குரல் வந்தது. "யக்கா."

இரண்டு பேரும் சட்டென்று திரும்பினார்கள். மடுவில் யாரும் இல்லை. அமுலு கயிற்றைப் பிடித்துக்கொண்டு தண்ணீரை நோக்கிக் குனிந்து, "இங்கதான் கீறோம்! இங்கதான் கீறோம்!" என்று தொண்டை கிழியக் கத்தினாள்.