முப்பது வட்டங்கள்

மர அளவையாளர் வருஷத்துக்குப் பத்து நாள்தான் மனிதர்களோடு வாய் விட்டுப் பேசுவார். மீதி நாட்களில் நகரத்து ஒற்றை அறையில் அவருக்கு வாய்த்த துணை ஒரு மின்விசிறி. அது அவரைவிட அதிகம் பேசும். மனைவி போய் ஆறு வருஷம் ஆகிறது. மகள் ஞாயிறு தவறாமல் போன் பண்ணி, "சாப்டீங்களாப்பா?" என்பாள். "சாப்டேம்மா" என்பார். அதற்கு மேல் இருவருக்கும் பேச்சு ஓடாது.

அந்தப் பத்து நாள் காட்டோரத்து ஊரில் ஒரு விடுதியில் கழியும். காட்டை வெட்டாமல் வைத்திருந்தால் ஊருக்கு நிதி வரும். நிற்கும் மரம் தன் கார்பனைக் காற்றில் விடாது, அதற்குத்தான் அந்த நிதி. ஆஸ்பத்திரி நர்ஸுக்குச் சம்பளமே அதில்தான். மேலிருந்து படம் எடுக்கும் செயற்கைக்கோளுக்கு அந்தப் பக்கம் முக்கால்வாசி நாள் மேகம்தான் தெரியும் என்பதால் ஆள் போய்ப் பார்த்தாக வேண்டும். காடு முழுக்க யாரால் அளக்க முடியும்? அதனால் சீட்டுக் குலுக்கிப் போட்ட மாதிரி அங்கங்கே முப்பது வட்டங்கள். அவற்றுக்குள் இருக்கும் மரங்களை நெஞ்சளவு உயரத்தில் நாடா சுற்றி அளந்துவிட்டால், முழுக் காட்டின் நிலைமையையும் சொல்லிவிடலாம்.

வட்டங்கள் எங்கே இருக்கின்றன என்பது மட்டும் அளப்பவரைத் தவிர யாருக்கும் தெரியக் கூடாது. பெயின்ட் கூடாது, துணி கட்டக் கூடாது. நடுவே மண்ணுக்குள் ஒரு இரும்புக் கம்பி புதைந்திருக்கும், அவ்வளவுதான். இடம் தெரிந்துவிட்டால் ஊர் அந்த மரங்களை மட்டும் பொத்திப் பொத்திக் காப்பாற்றும், மற்றதை வெட்டித் தள்ளும் என்று விதி எழுதினவர்களுக்கு நன்றாகத் தெரியும். பதினான்கு வருஷமாக அவர் இந்த விஷயத்தில் மூச்சு விட்டதில்லை.

போன வருஷம்தான் சறுக்கினார். "தனியா ஏண்ணே போறீங்க? நானும் வரேன், பையையாவது தூக்குறேன்" என்று விடுதிக்காரர் கேட்டபோது வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. முட்டி வலிக்கிறது என்று தனக்குத் தானே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டார். விடுதிக்காரர் வாய் ஓயாத மனிதர். மாமியார் சண்டையில் தொடங்கிக் கடைவாய்ப் பல் வரைக்கும் முப்பது வட்டத்திலும் பேசித் தீர்த்தார். நாடாவின் ஒரு நுனி அவரிடம், மறு நுனி இவரிடம். அளவையாளர் ஆறு வருஷத்துக்கும் சேர்த்துச் சிரித்தார். சிரித்த குஷியில், "இதெல்லாம் என் மரம் தம்பி" என்று ஒரு பெரிய அடிமரத்தைத் தட்டிக்கூடக் கொடுத்தார்.

இந்த வருஷம் விடுதி முழுக்க லாரிக்காரர்கள். விடுதிக்காரருக்கு நிற்க நேரமில்லை. அளவையாளர் தனியாகவே போனார்.

முதல் வட்டத்தில் மரங்கள் அப்படியே இருந்தன. ஆனால் கண் கூசியது. முன்பெல்லாம் அந்த இடத்தில் நோட்டில் எழுதுவதற்கே டார்ச் அடிக்க வேண்டியிருக்கும். இப்போது வெயில் தோளைச் சுட்டது. வந்த பாதையோரம் மட்டும் மரங்களை விட்டுவைத்திருந்தார்கள்; மறுபக்க விளிம்பைத் தாண்டி நாலு எட்டு வைத்தார். ஒரு அடிக்கட்டை. இன்னும் நாலு எட்டு. கண்ணுக்கெட்டிய தூரம் வரை அடிக்கட்டைகள்தான். தலையை மழித்து உச்சியில் மட்டும் ஒரு கொத்து முடி விட்ட மாதிரி நின்றது வட்டம். பத்து நாளில் முப்பதையும் பார்த்து முடித்தார். முப்பதிலும் இதே கதை.

கடைசி நாள் திரும்பி வந்ததும் விடுதிக்காரர் வாசலுக்கே வந்துவிட்டார்.

"பார்த்தீங்களாண்ணே? உங்க மரத்துல ஒரு கிளை குறைஞ்சிருக்கா?"

"குறையலை."

"எப்படிக் குறையும்? வெட்ட வந்தவங்ககிட்ட கண்டிப்பா சொல்லிட்டேன்ல! எங்க வேணா கை வைங்கடா, எங்க அண்ணன் வட்டத்துல கோடாலி பட்டுச்சு, நடக்குறதே வேறன்னு. ரெண்டு மாசம் கூடவே நின்னு ஒவ்வொரு இடமா காட்டினேன்."

"மத்த மரம் தம்பி?"

"அதை யாருண்ணே அளக்கப் போறா?"

அந்த முகத்தில் திருட்டு முழி இருந்திருந்தால் இவரும் நாலு வார்த்தை திட்டித் தீர்த்திருப்பார். அதில் பெருமைதான் இருந்தது. அண்ணனுக்கு ஒரு நல்லது செய்துவிட்ட பெருமை.

மறுநாள் காலை சாப்பாட்டு மேஜையில் படிவத்தை விரித்து உட்கார்ந்தார். அளவுகளை எழுதி முடித்தாயிற்று. கடைசிப் பக்கத்தில் ஒரு கேள்வி: 'வட்டங்களின் இடம் வேறு எவருக்கேனும் தெரியுமா? ஆம் எனில் காரணம்.' இல்லை என்று எழுதினால் எல்லாருக்கும் நல்லது, காட்டைத் தவிர. ஆம் என்றால் முப்பது வட்டமும் செல்லாது. ஊருக்கு நிதி நிற்கும். அவர் வேலையும் போகும். வேலை போவதுகூட அவருக்குப் பெரிதாகப் படவில்லை. அடுத்த வருஷம் யாரோடு பேசுவது என்பதுதான் பேனாவை நிறுத்தி வைத்தது.

விடுதிக்காரர் காபியை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். "நீங்க எழுதுங்க, நான் தொந்தரவு பண்ணலை" என்று சொல்லிவிட்டு, லாரிக்காரன் ஒருவன் குளியலறையைப் பூட்டிக்கொண்டு பாடின கூத்தைச் சொல்லத் தொடங்கினார். அளவையாளர் அதைக் கடைசி வரை கேட்டார். சிரிக்கவும் செய்தார்.

பிறகு 'ஆம்' என்று எழுதினார். காரணம் என்ற இடத்தில் 'முட்டி வலி' என்று போட்டு, அதை அடித்துவிட்டு, 'தனியாகப் போக மனசு வரவில்லை' என்று எழுதினார். படிவத்தை எதிர்ப்பக்கம் திருப்பி வைத்தார்.

விடுதிக்காரர் உதடு அசைய மெதுவாகப் படித்தார்.

"ஆம்னு போட்டா என்னண்ணே ஆகும்?"

"நிதி நின்னுடும்."

"நான் உங்களுக்காகத்தானே..."

"தெரியும் தம்பி. தப்பு என்னோடது. உங்க பேரை எழுதலை."

அளவையாளரின் டம்ளரில் இன்னும் பாதிக் காபி இருந்தது. விடுதிக்காரர் எழுந்து அதை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.