ஊசிக்கு ஒரு நல்ல நாள்

கிளினிக் படியில் கால் வைத்ததும் டொமினிக் தும்மினார். பிலோமினா திரும்பிப் பார்த்தாள். தும்மல் நிஜமா, வரவழைத்ததா என்று இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவளுக்கே தெரியவில்லை.

போன மழைக்காலத்தில் அவரை ஆக்சிஜனில் வைத்திருந்தார்கள். வந்தது ஃப்ளூ ஜுரம்தான். ஆனால் சிவாஜிநகர் துணிக்கடையில் தூசியை இழுத்து இழுத்துப் பாழான நுரையீரல் அவருடையது. இன்னொரு முறை வந்தால் தாங்காது, அடுத்த மழைக்கு முன்னால் தடுப்பூசி போட்டுவிடுங்கள் என்று ஆஸ்பத்திரி டாக்டர் அவளைத் தனியாக அழைத்துச் சொன்னார்.

தவக்காலத்தில் வேண்டாம் என்றார் டொமினிக். பட்டினி கிடக்கிற உடம்பில் ஊசி ஏறாதாம். அந்தப் பட்டினியில் வெள்ளிக்கிழமைதோறும் கறியை விட்டுவிட்டு மீனை இரண்டு பங்கு தின்றார். ஈஸ்டர் முடிந்தது. நன்றாக இருக்கிற உடம்பை எதற்குக் குத்துவது என்றார். இருமல் வந்தது. இருமலோடு போடக் கூடாது என்றார். ஊசி போட்டால் மறுநாளே ஜுரம் வரும் என்று கடையில் யாரோ சொன்னார்களாம். அந்த யாரோ யார் என்று அவள் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். வருஷா வருஷம் போட வேண்டும் என்று தெரிந்ததும் அவருக்குக் கோபமே வந்துவிட்டது.

“நாய் கடிச்சாக்கூட நாலஞ்சு ஊசியோட வுட்டுட்றான். இது இன்னா, வருஷா வருஷம் திருவிழாவா?”

நேற்று அவள் அடுப்பைப் பற்றவைக்கவில்லை. அதனால் இன்று வந்திருக்கிறார்.

நர்ஸ் சவிதா, உடம்புக்கு ஏதாவது தொந்தரவு உண்டா என்று கேட்டாள். எந்த டாக்டர் கேட்டாலும் ஒன்றுமில்லை என்பதே அவர் பதில். மூச்சுக்கு இழுக்கும் பஃபைக்கூடக் கதவுக்குப் பின்னால் நின்று இழுப்பவர். இப்போது மடை திறந்ததுபோல் கொட்டினார். ஜலதோஷம். மேல் வலி. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. படுத்தால் நெஞ்சுக்குள் பூனை கத்துகிறது. பாவசங்கீர்த்தனத்தில்கூட இவ்வளவு சொல்லியிருக்க மாட்டார் என்று பிலோமினா நினைத்தாள். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சவிதா தெர்மாமீட்டரைப் பார்த்தாள்.

“ஜுரம் இல்ல சார். சும்மா நெகடி. ஜலதோஷத்துக்கெல்லாம் நிறுத்த மாட்டாங்க. மூச்சு வாங்குதுன்னா நீங்க கண்டிப்பா போட்டுக்கணும்.”

டொமினிக் சட்டைக் கையை மெல்ல மடக்கினார். பிலோமினாவுக்கு அப்பாடா என்றிருந்தது.

“ஆண்ட்டி, சுகர் மாத்திரை நம்ம டாக்டர்கிட்டதானே வாங்கறீங்க? சுகர் இருக்கறவங்களும் போட்டுக்கணும். உங்களுக்கும் போட்டுடலாமா?”

“எனக்கு எதுக்கும்மா? மாத்திரதான் ஒழுங்கா சாப்புட்றேனே.”

டொமினிக் அவளை ஏறிட்டுப் பார்த்தார். சிரிக்கவில்லை. பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார்.

“ஒக்காரு மினா. மொதல்ல நீ. அப்புறம் நான்.”

அவள் உட்காரவில்லை. ரவிக்கைக் கை இறுக்கம், மேலே ஏறாது என்றாள். நாளைக்குத் தங்கை வீட்டில் விசேஷம், கை வலித்தால் மாவு யார் ஆட்டுவது என்றாள். ஞாயிறு பூசை முடிந்து வருகிறேனே என்றாள். டொமினிக் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினார்.

சவிதா பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்துக் கையில் வைத்திருந்தாள். மடக்கிய சட்டைக் கையைப் பார்த்தாள். ரவிக்கைக் கையைப் பார்த்தாள். பஞ்சு காய்ந்துகொண்டிருந்தது.