மைனாவைக் கூப்பிடும் குரல்

ஒரு வீட்டுக்கு ஒரு நாய்தான் என்று குடியிருப்புச் சங்கம் திடீரென்று விதி போட்டதில், மூன்றாம் மாடிப் பல் டாக்டர் வீடு மட்டும் இழவு விழுந்தது போல் ஆகிவிட்டது. அங்கே இருந்தவை இரண்டு. ஒரே ஈற்றில் பிறந்த ஜெர்மன் ஷெப்பர்ட்கள். ஆண் மல்லன், பெண் மைனா.

நல்ல வேளையாக டாக்டரின் தங்கைக்குத் தோட்டத்தோடு தனி வீடு. "உங்களுக்கு எது வேண்டாமோ அதக் குடுங்க அண்ணி, ஞாயித்துக்கிழமை வந்து கூட்டிட்டுப் போறேன்" என்று போனில் சொல்லிவிட்டாள். எது வேண்டாம் என்பதுதான் அண்ணிக்குத் தலைவலி.

அந்த அண்ணி டப்பிங் ஸ்டுடியோவில் ஒலி எடிட்டர். ஊரார் குரலில் மூச்சு எங்கே பிசகியது, அழுகை எங்கே பொய்யானது என்று கண்டுபிடித்து வெட்டி ஒட்டுவது பிழைப்பு. எதையும் நாலு தடவை கேட்டுப் பார்க்காமல் நம்பமாட்டாள்.

டாக்டருக்கு இந்தக் குழப்பமே இல்லை. வாயைப் பிளந்துகொண்டு படுத்திருப்பவர்களிடம் நாளெல்லாம் பேசிப் பழகியவர். எதிர்ப்பேச்சு கேட்டுப் பழக்கமில்லை.

"ஆண் ஷெப்பர்ட் ஒரே ஆளப் புடிச்சுக்கும், அவங்களுக்காக உயிரையே விடும். பொட்டை அப்படி இல்ல. வீட்டக் காவல் காக்கும், ஆனா யார்கிட்டயும் ஒட்டாது. அழுத்தம் ஜாஸ்தி. மல்லனே இருக்கட்டும்."

"இது இந்த ஜாதி ஆணுக்கும் பொண்ணுக்கும் உள்ள குணமா, இல்ல நம்ம மல்லன், மைனாவோட குணமாங்க?"

"ரெண்டும் ஒண்ணுதான்."

"அது எப்படி ஒண்ணாகும்?"

டாக்டர் டி.வி. சத்தத்தைக் கூட்டினார்.

பார்த்தால் அவர் சொன்னது சரியென்றுதான் தோன்றியது. கூப்பிட்ட மாத்திரத்தில் மல்லன் பறந்து வருவான். டைல்ஸில் வழுக்கிச் செருப்பு ஸ்டாண்டில் மோதி, அந்த வேகத்திலேயே மடியில் விழுவான். காதுக்குப் பின்னால் சொறிந்துவிடாவிட்டால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வான். மைனா வேறு ரகம். 'உட்கார்' என்பதை முதல் பாடத்திலேயே கற்றுக்கொண்டவள். மல்லனுக்கு அது இன்னும் விளையாட்டு. எல்லா அறையையும் எட்டிப் பார்த்து, ஆட்கள் இருக்கிறார்களா என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் படுப்பாள். கூப்பிட்டால் நின்று யோசித்து, கடைசியில் வருவாள்.

எவ்வளவு தாமதம் என்று கேட்டே தீர்த்துவிடுவோமே என்று டாக்டர் மனைவி ஹாலில் ரெக்கார்டரை வைத்தாள். சில நாள் பதிவை ஸ்டுடியோவுக்குக் கொண்டுபோய், மல்லனைக் கூப்பிட்டதை எல்லாம் ஒரு வரிசையாகவும் மைனாவைக் கூப்பிட்டதை எல்லாம் அதற்குக் கீழேயும் அடுக்கினாள். ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

"மல்லா... வாடா என் தங்கமே, வாடா!"

"மைனா. வா."

நடுவில் ஏதோ விட்டுப்போய்விட்டது என்று நினைத்து அடுத்ததைக் கேட்டாள். அதுவும் அப்படித்தான். கணவர் குரலும் அதேதான். மல்லனுக்குக் குழைந்த குரல், மைனாவிடம் வரும்போது ஆபீஸ் குரலாகிவிட்டது. நாய் தாமதிப்பதை அளக்க வந்தவள், அளப்பதையே மறந்து உட்கார்ந்திருந்தாள்.

குட்டியாக வந்த புதிதில் மல்லனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இருவரும் கெஞ்சிக் கொஞ்சி ஊட்டினார்கள். மைனா சமர்த்தாகத் தானே தின்றுவிட்டுத் தட்டை நக்கி வைத்தாள். சமர்த்துக்குக் கிடைத்த பரிசு அந்த ஆபீஸ் குரல். ஊரார் குரலில் நூலிழை பிசகினாலும் பிடித்துவிடுகிறவள் வீட்டில் தன் குரலைக் கோட்டை விட்டிருந்தாள். வெட்கம் பிடுங்கித் தின்றது.

ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வந்துவிட்டாள். டாக்டர் மைனாவின் கழுத்துப்பட்டியில் கயிற்றை மாட்டப் போனார்.

"ஒரு நிமிஷம் இருங்க" என்று மனைவி ஹாலின் மறுகோடியில் குந்தி உட்கார்ந்தாள். அதுவரை மல்லனுக்கு மட்டுமே கொடுத்து வந்த குரலை எடுத்தாள்.

"மைனா... வாடி என் தங்கமே, வாடி!"

மைனாவின் காதுகள் விறைத்தன. ஓர் அடி எடுத்து வைத்தாள். அப்படியே நின்றாள். தலையைத் திருப்பி, பின்னால் படுத்திருந்த மல்லனைப் பார்த்தாள். பிறகு அவனுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றாள்.

மல்லன் சும்மா இருப்பானா? நாலு கால் பாய்ச்சலில் வந்து மடியில் விழுந்தான்.

"என்ன அண்ணி, பேரு மாறிப் போச்சா?" என்று நாத்தனார் சிரித்தாள்.

டாக்டர் சிரிக்கவில்லை. மைனாவையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கயிற்றை மல்லனுக்கு மாட்டித் தங்கை கையில் கொடுத்தார்.

"அண்ணா, இவன் உன் உயிராச்சே!"

"இவன் எங்க போனாலும் தன்னத்தான் கூப்புடுறாங்கன்னு ஓடுவான். பொழைச்சுக்குவான்."

மல்லன் கார் ஜன்னலில் முகத்தை நீட்டிக்கொண்டு புது மாப்பிள்ளை மாதிரி போனான். டாக்டர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பிறவிக் குணம் எது, தாங்கள் ஊட்டி வளர்த்த குணம் எது என்ற கேள்வி மட்டும் மனைவியை விட்டபாடில்லை. மைனாவிடம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

சாயங்காலம் அவள் மறுபடியும் குந்தி உட்கார்ந்து, அதே குரலில் மைனாவைக் கூப்பிட்டாள். பின்னால் சோபாவும் சுவரும்தான் இருந்தன. மைனா ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் வந்தாள்.