எண்ணெய் சூடாகும் முன்

அன்று காற்று கிளம்பியது ஏழு மணிக்கா எட்டுக்கா, எனக்கு இப்போது நிச்சயமில்லை. குளிர் மட்டும் நினைவிருக்கிறது. காற்று கூடினாலும் குறைந்தாலும் காற்றாலையின் ஜெனரேட்டரை எண்ணெய் அழுத்தத்தால் ஒரே வேகத்தில் வைத்திருக்கும் கியர்பாக்ஸை, எங்கள் கம்பெனி ஃபிட்டர் எட்டு வருஷம் பாடுபட்டுச் செய்திருந்தார். அன்று ஓட்டிக் காட்டாவிட்டால் கம்பெனி அதைக் கைகழுவிவிடும்.

“மச்சான், எண்ணெய் பாகு மாதிரி இருக்கு. அரைமணி நேரம் சூடாகட்டும்,” என்றான் உதவிக்கு வந்திருந்த அவர் மைத்துனன்.

“அதுக்குள்ள காத்து உங்க அக்கா மாதிரி கோவிச்சுக்கிட்டுப் போயிடும்டா. பிரேக்கை எடு.”

காற்று வலுத்தது. குளிர்ந்த எண்ணெய், அழுத்தத்தைச் சரிசெய்யும் வால்வைத் தாண்டி வருவதற்குள் கியர் பற்கள் நொறுங்கிவிட்டன. காற்று மாலைவரை ஓயவேயில்லை.

இயந்திரம் பழைய இரும்புக்குப் போனது. மைத்துனன் இப்போது லிஃப்ட் பழுதுபார்க்கிறான். ஃபிட்டர் வீட்டில் இருக்கிறார். அவர் மனைவி கோபித்துக்கொள்வதைக்கூட விட்டுவிட்டாள்.