மாத்தூர் மொட்டைமாடியின் மகரந்தம்

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. வண்ணாரப்பேட்டை மெட்ரோ நிலையத்துப் படிக்கட்டில் ஒரு மாலை வரலட்சுமி என் மடியில் இறக்கி வைத்துவிட்டுப் போனாள்.

"இத்த எங்கனா எழுதிடு மலிகா. என்னால தூக்கிகினு திரிய முடியல."

கல்லூரியில் நாங்கள் ஒரே பெஞ்சில் தாவரவியல் படித்தவர்கள். நான் பட்டத்தோடு நிறுத்திக்கொண்டு பிழை திருத்தும் வேலைக்கு வந்துவிட்டேன். மிஞ்சிய நேரத்தில் கதை எழுதுகிறேன். அவள் ஆராய்ச்சிக்குப் போனாள். அன்றைக்கு எனக்கும் அலுப்பாகத்தான் இருந்தது. மறுக்கத் தெம்பில்லாமல் சரி என்றேன்.

2

முதல் தொடக்கம்: "மகரந்தம் வெறும் தூள் அல்ல, அது ஒரு முழுமையான..." (பாடப்புத்தகம். நிறுத்திவிட்டேன்.)

இரண்டாவது: "நுண்ணோக்கியில் கண் வைத்ததும் வரலட்சுமியின் உலகமே..." (உலகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. இதுவும் போகட்டும்.)

ஆனாலும் கொஞ்சம் பாடம் இல்லாமல் இந்தக் கதை நகராது. ஒவ்வொரு மகரந்தத் துகளும் ஒரு குட்டி ஆண் தாவரம். தாய்ச்செடியிடம் ஒவ்வொரு ஜீனுக்கும் இரண்டு பிரதிகள் உண்டு. ஒன்று கெட்டால் மற்றது சமாளிக்கும். துகளுக்குக் கிடைப்பது ஒன்றே ஒன்று. அது பழுதென்றால் கைகொடுக்க ஆளில்லை. ஆகவே, செடியின் இரண்டு பிரதிகளில் ஒன்று பழுதாக இருந்தால் அதன் மகரந்தத்தில் பாதி செத்துப்போகும்.

அந்தப் பாதியைத்தான் வரலட்சுமி பார்த்தாள். கதிர்வீச்சுக்கு உட்படுத்திய விதையில் முளைத்த தக்காளிச் செடிகள். பூவைப் பிரித்துச் சாயம் ஏற்றினால் உயிருள்ள துகள் சிவக்கும், செத்தது பச்சையாக நிற்கும். கண்ணாடித் தகட்டில் பாதி சிவப்பு, பாதி பச்சை.

"கிடைச்சிடுச்சுடி!" என்று அன்றைக்கு எனக்கு போன் செய்தாள். ஆண் துகள் வளர்வதற்கு அவசியமான, யாரும் அதுவரை பெயர் வைக்காத ஒரு ஜீன். நான்கு வருடம் அதைத் துரத்தினாள்.

3

ஆராய்ச்சி நிலையத்தில் செடிகளைச் சீரான குளிர்ச்சியில் வளர்க்கும் குளிரறை, முதல் விதை ஊன்றிய நாளிலிருந்து அந்த நான்கு வருடமும் பழுதாகிக் கிடந்தது. வழிகாட்டியின் அனுமதியோடு மாத்தூர் வீட்டு மொட்டைமாடியில் செடிகளை வைத்தாள். பார்த்துக்கொண்டவன் அவள் கணவன் தீனா. எண்ணூர்ப் பக்கம் டிரெய்லர் ஓட்டுகிறவன். வேலை முடிந்து வந்தால் சாப்பிடுமுன் மாடிக்குத்தான் போவான்.

"பூவு மேல கரித்தூசு வுழுது, வரா. உன் ஜீனு மூச்சு முட்டி செத்துடப் போவுது" என்று சொல்லி, முதல் பூ விட்டபோதே கம்பு நட்டு, செடிகளைச் சுற்றிக் கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் ஷீட்டைக் கட்டினான்.

(இந்தத் தீனாவை நான் நம்பவில்லை. இவ்வளவு நல்லவன் கதையில் நிற்கமாட்டான் என்று ஒரு பாராவில் குடிக்க வைத்துப் பார்த்தேன். ஒட்டவில்லை. அடித்துவிட்டேன். அவன் அப்படித்தான்.)

4

போன வருடக் கடைசியில் குளிரறை சரியானது. கடைசி நிரூபணத்துக்காக அதே செடிகளின் விதைகளை அங்கே வளர்த்தாள். சாயம் ஏற்றினாள். எல்லாம் சிவப்பு.

தகட்டைக் கழுவி, வேறொரு பூவுக்குச் சாயம் ஏற்றிப் பார்த்தாள். சிவப்பு. பிறகு, கதிர்வீச்சே படாத, கடையில் வாங்கிய தக்காளி விதையை மாடியில், அந்த ஷீட்டுக்குள் வளர்த்தாள். பாதி பச்சை.

ஜீன் என்று ஒன்று இல்லை. சூடுதான். மகரந்தப்பையின் உட்சுவர்தான் வளரும் துகளுக்குச் சோறூட்டுகிறது. ஷீட்டுக்குள் புழுங்கிய வெப்பத்தில் அது முன்கூட்டியே கரைந்துவிட்டது. துகள்கள் பட்டினியில் செத்திருக்கின்றன.

(இங்கே தீனாவையும் அந்தச் சுவரையும் ஒப்பிட்டு அழகாக ஒரு வாக்கியம் எழுதினேன். அவனுக்குச் செய்கிற அநியாயம் என்று தோன்றியது. எடுத்துவிட்டேன்.)

5

வழிகாட்டி சுகிர்தம் மேடத்திடம் அவள் அன்றே சொன்னாள். மேடம் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"உதவித்தொகை இன்னும் எவ்வளவு நாளைக்கு?"

"முடிஞ்சிடுச்சு மேடம்."

"குளிரறைக் கணக்கை விட்டுட்டு எழுதினா யாருக்கும் தெரியாது. அது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்."

"எழுத மாட்டேன் மேடம்."

"சரி. முதல்லேர்ந்து ஆரம்பி. இல்லேன்னா விட்டுடு. ரெண்டுமே தப்பில்லம்மா."

ஆரம்பித்தாள். இம்முறை சூட்டைப் பற்றி. காலையில் ஒரு பள்ளியில் பாடம் எடுக்கிறாள்.

மேடத்திடம் சொன்னவளுக்குத் தீனாவிடம் சொல்ல வாய் வரவில்லை. "தீசிஸ் லேட்டாவுது" என்பதோடு சரி. அவனோ வண்டி நிறுத்துமிடத்தில் எல்லோரிடமும், "எங்க வூட்ல கண்டுபுட்ச்ச ஜீனுக்கு நான்தாம்பா தண்ணி ஊத்துனேன்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறான். இந்தக் கோடைக்குப் புதிதாக, இன்னும் கனமான ஷீட் வாங்கி வந்திருக்கிறான். அவன் வேலைக்குப் போனதும், செடிகள் புழுங்காமலிருக்க, அவள் அதை அவிழ்த்து மடித்து வைக்கிறாள். வருமுன் மறுபடி கட்டுகிறாள். தினமும்.

"ஜீன் போனதுகூட போவட்டும் மலிகா. அந்த முடிச்சு போட்டுப் போட்டுத்தான் கை ஓஞ்சு போச்சு" என்றாள் படிக்கட்டில்.

6

முடிவுகள்.

அ) சூட்டிலும் சாகாத ஒரு செடி மாடியில் கிடைக்கிறது, பட்டம், பரிசு. (போனில் சொன்னபோது வரலட்சுமி சிரித்தாள்: "அதெல்லாம் உன் கதைல கெடைக்கும்.")

ஆ) முடிச்சு போடும்போது தீனா பார்த்துவிடுகிறான். அவன்...

இ) அவளே சொல்கிறாள். அவன் ஷீட்டைக் கையில் பிடித்தபடி...

இதற்கு மேல் பேனா ஓடவில்லை. மறந்திருந்த ஒன்று அப்போதுதான் உறைத்தது: பெயரை மாற்றினாலும் இது அச்சானால் தீனாவுக்குத் தெரிந்துவிடும். எழுதச் சொன்னபோது அவள் அதைத்தான் நினைத்தாளா? கேட்டுவிடலாம் என்று காகிதங்களோடு மாத்தூருக்கு பஸ் ஏறினேன்.

7

கதவைத் திறந்தது தீனா.

"வாக்கா. வரா மேல கீது. இன்னா கைல? கதையா?"

ஆமாம் என்று வாயில் வந்துவிட்டது.

"எங்களப் பத்தியா?" முகம் மலர்ந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டான், மின்விசிறியை என் பக்கம் திருப்பினான். "நமக்குப் படிக்கத் தூக்கம் வரும். நீ படி, கேக்கறேன்."

மாடிப்படியில் வரலட்சுமி இறங்கி வந்தாள். காகிதத்தைப் பார்த்தாள். பாதிப் படியிலேயே நின்று கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டாள். வேண்டாம் என்று தலையாட்டுவாள் எனக் காத்திருந்தேன். ஆட்டவில்லை. படி என்றும் சொல்லவில்லை.

முதல் மூன்று பகுதிகளைப் படித்தேன். குடிக்க வைத்துப் பார்த்த இடத்தில் தீனா விழுந்து விழுந்து சிரித்தான். நான்காம் பகுதியின் காகிதம் இப்போது என் கையில் மேலாக இருக்கிறது. வாசகரே, அதில் என்ன இருக்கிறதென்று இந்த வீட்டில் இரண்டு பேருக்குத் தெரியும். வெளியே உங்களுக்குத் தெரியும். அவளைப் பார்க்கிறேன், அவள் தரையைப் பார்க்கிறாள். படிக்கவா, மடிக்கவா? நீங்களாவது சொல்லுங்கள்.

"தண்ணி குட்ச்சிட்டுப் படிக்கா" என்கிறான் தீனா. "அவசரமில்ல. இன்னிக்கு எனக்கு லீவுதான்."